கீழூரின் எட்டு வாக்குகள்

புதுச்சேரி விடுதலை பெற்ற நாள் எது என்று கேட்டால் ஊருக்கு ஊர் பதில் மாறும். 1947 ஆகஸ்ட் 15 அன்று இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. நெட்டப்பாக்கத்தாருக்கு 1954 மார்ச் 31 முக்கியம், அன்றுதான் அங்கே இந்தியக் கொடி ஏறியது. ஏனாம்காரர்களுக்கு அதே ஆண்டு ஜூன் 13, மாகேக்காரர்களுக்கு ஜூலை 16. ஆட்சி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி ஒப்படைப்பு முடிந்ததோ 1962 ஆகஸ்ட் 16. யூனியன் பிரதேச அரசு நெடுங்காலம் ஆகஸ்ட் 16ஐயே பெரிதாகக் கொண்டாடியது. விடுதலைப் போராட்டத் தியாகிகளின் கோரிக்கையை ஏற்று 2014 முதல் நவம்பர் 1ஐ விடுதலை நாளாக்கியது, ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்ற நாளாக நீடிக்கிறது. இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2019இல் ஓர் அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாள் என்றது. 2021இல் வேறொரு அரசு, மாநிலத்துக்குப் பெயர் சூட்டும் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18தான் அந்த நாள் என்றது. ஒரு நாட்டுக்கோ மாநிலத்துக்கோ பிறந்தநாள் குறிப்பதில்கூடக் கருத்துவேறுபாடு இருக்கிறதென்றால், அது எப்படிப் பிறந்தது, யாரால் பிறந்தது, யார் விரும்பிப் பிறந்தது என்ற கேள்விகளில் ஒருமித்த கருத்தை எப்படி எதிர்பார்க்க முடியும்? எதிர்பார்க்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை ஆராய மதகடிப்பட்டு வட்டாரத்தைவிட நல்ல இடம் அமையாது. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்குப் பெயர்போன மதகடிப்பட்டு, புதுச்சேரி–விழுப்புரம் நெடுஞ்சாலையில், மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. அதற்கு அதிகத் தொலைவில் இல்லாத சிற்றூர் கீழூர், வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்தது. 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகளும் நகரமன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி, இந்தியாவுடன் இணைவதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். இணையலாம் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21இல், இரு அரசுகளும் தில்லியில் உடன்படிக்கை செய்துகொண்டன. நவம்பர் 1இல் அது நடைமுறைக்கு வந்தது. கீழூரில் இன்று நினைவிடம் இருக்கிறது, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16இல் அங்கே கொடியேற்றுகிறார்கள். விழா மேடைகளில் 170 என்ற எண் உரக்க ஒலிக்கும். 8 என்ற எண்ணைச் சொல்பவர்கள் சற்றே தணிந்த குரலில், ஏதோ கணக்கில் விழுந்த கழிவைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த எட்டு வாக்குகள்தான் கீழூருக்கு மதிப்பைத் தருகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். வேண்டாம் என்று சொல்ல வழி இருந்த இடத்தில்தான் வேண்டும் என்பதற்குப் பொருள் உண்டு. 178க்கு 178 விழுந்திருந்தால் அதை வாக்கெடுப்பு என்று நம்ப உலகம் தயங்கியிருக்கும், பிரெஞ்சு நாடாளுமன்றம் தயங்கியிருக்கும், நாமே தயங்கியிருப்போம். ஆகவே, இணைப்பைப் பற்றி, அதில் ஈடுபட்டவர்களைப் பற்றி, பிரெஞ்சு ஆட்சியைப் பற்றி, இந்திய தேசியத்தைப் பற்றி மாறுபட்டுப் பேசும் உரிமையை இன்று காப்பது அந்த எட்டுப் பேருக்குச் செய்யும் சலுகை ஆகாது. 170 பேர் சொன்ன சொல்லின் மதிப்பைக் காப்பாற்றும் வேலை அது.

மதகடிப்பட்டில் குண்டாங்குழி மகாதேவர் கோயில் இருக்கிறது. சோழர் காலத்துக் கற்றளி, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. பக்கத்தில் திருபுவனையில் வரதராசப் பெருமாள் கோயில், சுவர்களெங்கும் கல்வெட்டுகள். சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு அவற்றின் அமைப்பு தெரியும். முதலாம் இராசராசன் காலம் தொட்டு, கல்வெட்டின் தலையில் மெய்க்கீர்த்தி நிற்கும்: மன்னன் வென்ற நாடுகள், அடைந்த புகழ், எல்லாம் செம்மையான வாசகத்தில், ஊருக்கு ஊர் ஒரே பாடமாக. அதற்குக் கீழேதான் அந்த ஊரின் சங்கதி வரும்: எந்த நிலம், நான்கெல்லை எது, விளக்கெரிக்க எத்தனை ஆடு, வட்டிக்கு எவ்வளவு நெல், சபை என்ன முடிவெடுத்தது. மெய்க்கீர்த்தியில் தோல்வி இடம்பெறாது, எதிர்த்து வாக்களித்தவர் இருக்கமாட்டார். வரலாற்றாசிரியர்கள் மன்னனின் ஆட்சியாண்டுக்கும் போர்களுக்கும் மேல்பகுதியைப் பார்க்கிறார்கள், மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறியக் கீழ்ப்பகுதிக்கு வருகிறார்கள். தேசங்களும் மெய்க்கீர்த்தி எழுதிக்கொள்கின்றன. அதில் தவறொன்றுமில்லை. கீழ்ப்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு மெய்க்கீர்த்தி மட்டும் போதும் என்னும்போதுதான் தவறு தொடங்குகிறது. கீழூர் நமக்கு விட்டுச்சென்ற ஆவணம் 170க்கு 8 என்ற கணக்கு. அந்தக் கணக்கில் மாற்றுக்குரல் பதிவாகியிருக்கிறது. நம்முடைய விழாப் பேச்சுகள் அதை மெய்க்கீர்த்தியாக மாற்றிக்கொண்டிருக்கின்றன.

கேட்கக்கூடாத கேள்வி என்று பலர் கருதும் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். மக்கள் நேரடியாக வாக்களித்தார்களா? பிரெஞ்சிந்தியாவின் இன்னொரு பகுதியான சந்திரநாகூரில் 1949 ஜூன் 19இல் மக்கள் வாக்களித்தார்கள், பெருவாரியாக இந்தியாவைத் தேர்ந்தார்கள். புதுச்சேரியில் அப்படி நடக்கவில்லை. 1948 ஜூனில் இரு அரசுகளும் வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டிருந்தன, 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பும் மக்கள் சம்மதமின்றி நிலப்பகுதியை விட்டுக்கொடுக்கக்கூடாது என்றது. பிறகு ஏன் 178 பேர் மட்டும்? பிரான்சில் இணைப்பை எதிர்த்தவர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 ஜூலையில்தான் ஒப்புதல் அளித்தது. இடையில் அல்ஜீரியப் போர் எல்லாவற்றையும் இழுத்தடித்தது. கேள்வி நியாயமானது. அதற்கு நியாயமான பதிலும் உண்டு. 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள், அன்றைய அடிதடிச் சூழலில் சுதந்திரமான வாக்கெடுப்பு நடக்க இயலாது என்று அறிக்கை தந்தார்கள். அடியாட்களை வைத்துத் தேர்தல் நடத்துவது பிரெஞ்சிந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பழக்கம். ஆனால் பதில் அத்தோடு முடிவதில்லை. 1948 அக்டோபர் நகரமன்றத் தேர்தலில் பெருவெற்றி பெற்றது எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி. அந்தத் தேர்தலே மோசடி என்றவர்கள் இணைப்பு ஆதரவாளர்கள். அத்தகைய தேர்தல்களின் வழியே வந்த நகரமன்றங்கள்தாம் ஆறாண்டு கழித்து இணைப்புக்குச் சான்றளித்தன. இதைச் சொல்வது இணைப்பை மறுப்பதாகுமா? ஆகாது. வரலாறு எவ்வளவு கோணலான பாதையில் சரியான இடத்துக்கு வந்துசேர்கிறது என்பதை ஒப்புக்கொள்வதுதான். இந்தக் கோணலைப் பேசவிடாமல் செய்தால் இணைப்பின் நியாயத்தைக் காக்கும் பதிலும் சேர்ந்தே மறைந்துபோகும், ஏனென்றால் கேள்வி இல்லாத இடத்தில் பதிலை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

குபேரின் கதையும் அதே போன்றதுதான். பெரிய மார்க்கெட்டுக்கும் கடற்கரைச் சாலைக்கும் அவர் பெயர் இருக்கிறது. 1963 ஜூலை 1இல் முதலமைச்சரானவர் அவர். 1954 மார்ச் 18இல் புதுச்சேரியும் சுற்றியிருந்த கொம்யூன்களும் வாக்கெடுப்பு இல்லாமலே உடனடி இணைப்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டதற்கும், பிறகு நெட்டப்பாக்கத்தில் கொடி ஏறியதற்கும் பின்னால் இருந்தவர் அவர். அதே குபேர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை பிரெஞ்சு ஆட்சியின் வலுவான தூண். இணைப்பு கேட்ட பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையாவின் வீடு 1950 ஜனவரியில் எரிந்தபோது அதிகாரத்தில் இருந்தது குபேரின் கட்சி. அவர் கடைசி நேரத்தில் மனம் மாறிய தேசபக்தரா, காற்றடிக்கும் திசை பார்த்துப் பாய் விரித்த அரசியல்வாதியா? சுங்கச் சுவரும் இந்தியா கொண்டுவந்த அனுமதிச் சீட்டு முறையும் அந்த மன மாற்றத்தில் எவ்வளவு பங்கு வகித்தன? 1949இல் சுங்க உடன்பாட்டை இந்தியா முறித்துக்கொண்ட பிறகு, வயல் ஒரு நாட்டிலும் வீடு இன்னொரு நாட்டிலுமாக இருந்த எல்லைக் கிராமங்கள் பட்ட பாட்டை ஒருவர் முற்றுகை என்பார், இன்னொருவர் போராட்டத்தின் விலை என்பார். இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். சுப்பையாவின் ஆதரவாளர்கள் ஒரு வரலாறு வைத்திருக்கிறார்கள், காங்கிரஸ்காரர்கள் ஒன்று, குபேரின் அபிமானிகள் ஒன்று. இவற்றில் ஒன்றை அரசாணையால் உண்மையாக்கினால், மற்ற இரண்டும் பொய்யாகிவிடாது. கேட்க ஆளில்லாத முணுமுணுப்பாகிவிடும், அவ்வளவுதான்.

பிரெஞ்சு ஆட்சியைப் பற்றியும் இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் கொண்டுவந்த ஆட்சி என்பது. இன்னொன்று, ஆங்கிலேயனுக்கு எள்ளளவும் குறையாத அந்நிய ஆட்சி என்பது. முதல் கதைக்குச் சாட்சி பாரதி. 1908இல் சென்னையில் 'இந்தியா' இதழின் மீது அரசுத் துரோக வழக்குப் பாய்ந்தது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார், பாரதி புதுச்சேரிக்கு வந்தார். அந்த அக்டோபரிலேயே இதழ் இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் குடியேற்றங்களுக்கும் பொருந்தும் என்பதால் புதுச்சேரி மண்ணில் அதைத் தடுப்பது எளிதாக இல்லை. ஆங்கில அரசு எல்லைக்கு அப்பால் இதழை மறித்தது, 1910 மார்ச்சோடு அது நின்றது. இரண்டாவது கதைக்குச் சாட்சி 1936 ஜூலை 30. சவானா ஆலையில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் படை சுட்டது, 12 பேர் இறந்தார்கள். எழுத்துரிமைச் சட்டம் செய்த குடியரசின் துப்பாக்கிதான் அது. மறு ஆண்டே அதே குடியரசு எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கியது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர் வரலாறு கேட்கவில்லை, ஆறுதல் கேட்கிறார்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: எட்டுப் பேரும் பிரெஞ்சுக்காரனின் ஆட்கள், அவர்களுக்கு இடம் கொடுப்பது உயிர் நீத்தவர்களை அவமதிப்பதாகும். அந்த எட்டுப் பேரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை முடிவு செய்துவிட்டுப் பேசும் வாதம் இது. பிரான்சின் மீது பற்று வைத்ததெல்லாம் கூலிக்கு வைத்த பற்று என்று கொண்டால், இன்றும் புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களை என்ன செய்வது? 1962இல் ஒப்பந்தமே இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தது. எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது. சில ஆயிரம் பேர் அப்படியே செய்தார்கள். அவர்களில் பலர், 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வழிவந்தவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவருக்கு அந்தச் சட்டம் ஒரு படி மேலே தூக்கிவிட்ட ஏணியாகத் தெரிந்திருக்கலாம். அவர் தாய்நாட்டுக்குத் துரோகம் செய்தார் என்று தீர்ப்புச் சொல்லும் முன், தாய்நாடு அவரை எந்தத் தெருவில் வைத்திருந்தது என்றும் கேட்க வேண்டும். இந்திய அரசே கையெழுத்திட்டு மதித்த தேர்வை, எழுபதாண்டு கழித்து ஒரு மேடைப் பேச்சாளர் துரோகம் என்பது விநோதம். தியாகிகளின் பெருமை எதிர்த்தவர்களின் இழிவால் அளக்கப்படுவதில்லை. 1936இல் சுடப்பட்டவர்கள் கேட்டதில் பேசும் உரிமையும் இருந்தது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. பல மொழி, பல மதம், பல சாதி கொண்ட நாடு, பொதுவான ஒரு கதையில்லாமல் ஒன்றாக நிற்க முடியுமா? ஆளுக்கொரு வரலாறு பேசினால் நாடு சிதறாதா? தமிழர்களிடம் இதற்குச் சோதித்துப் பார்த்த விடை இருக்கிறது. 1962 மே 1இல் அண்ணா மாநிலங்களவையில் தன் கன்னிப் பேச்சில் திராவிடர்களுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார். இந்தியா என்பது ஒரே தேசம் என்ற கதையையே அந்த அவையில் நின்று மறுத்தார். அவை அவரைக் கேட்டது, கடுமையாக மறுத்தும் பேசியது. அந்த ஆண்டு இறுதியில் சீனப் போர் வந்தபோது அண்ணா கோரிக்கையை ஒத்திவைத்தார். 1963இல் பதினாறாவது அரசமைப்புத் திருத்தம் பேச்சுரிமைக்கான வரம்புகளில் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் சேர்த்தது. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது, 1967இல் ஆட்சியைப் பிடித்தது. சட்டம் வாயை அடைத்ததால்தான் கைவிட்டார்கள் என்று ஒருவர் வாதிடலாம், அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் சட்டத்தால் மட்டும் அடைக்கப்பட்ட வாய் தலைமறைவுக்குப் போகும், வாக்குச்சாவடிக்கு வருவதில்லை. அவையில் சொல்ல இடம் கிடைத்த கட்சிதான் அவைக்கே திரும்பி வந்தது, மாநில உரிமை என்ற மொழியில் தன் குறையைப் பேசக் கற்றது. கடல் கடந்த இலங்கையில் நாடாளுமன்றத்தில் பேச இடம் சுருங்கச் சுருங்க என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது, மாற்று வரலாற்றை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று எண்ணியவர்கள் ஒன்றுபட்ட நாட்டைப் பெற்றுவிடவில்லை.

மூன்றாவது: சில பழைய காயங்களைக் கீறினால் இன்றைக்கு இரத்தம் வரும், ஆகவே பேசாமல் விடுவதே நல்லது. புதுச்சேரிக்கு இதிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இதை நமக்குச் சொல்பவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷி. தன் எசமானின் ஆட்சி செய்ததை, எசமானின் மனைவிக்கு அதில் இருந்த பங்கையும் சேர்த்து, பகலில் வாய்திறந்து சொல்லமுடியாத நிலையில் இருந்தவர், நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1846இல், அந்த நாட்குறிப்பு வெளிச்சத்துக்கு வந்தது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு எஞ்சியிருப்பது வதந்தி. வதந்திக்கு எல்லையே கிடையாது, அது எவரையும் குற்றவாளியாக்கும். ஆவணம் அப்படிச் செய்யாது. யார் ஆணையிட்டார், யார் எதிர்த்தார், யார் ஒதுங்கி நின்றார் என்று பெயர் சொல்லும், ஆகவே பொறுப்பு இன்னார் மீது மட்டும்தான் என்று வரையறுத்தும் விடும். 1748இல் ஓர் ஆளுநர் செய்ததற்கு இன்று சம்பாக் கோயில் தேவாலயத்தில் செபம் செய்யும் ஒருவர் பொறுப்பாளி இல்லை என்பதை நிறுவ நாட்குறிப்பை மூடிவைப்பது உதவாது, திறந்து படிப்பதே உதவும். கடந்ததைச் சொல்வதும், அதைச் சொல்லி இன்றைக்கு ஒருவரை அடிக்கச் சொல்வதும் வெவ்வேறு செயல்கள். இந்திய அரசமைப்பின் 19(2) பிரிவு இரண்டாவதைத் தடுக்க இடம் தருகிறது. முதலாவதைத் தடுக்க அதில் இடமில்லை. மனம் புண்படுதல் என்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது. இடஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், கலவரம் செய்வோம் என்று சிலர் மிரட்டுவதைக் காரணம் காட்டி அரசு கருத்துரிமையைக் கைவிடக்கூடாது என்று தெளிவாகவே சொன்னது.

நான்காவது எதிர்வாதம் இன்றைய நிலையைப் பார்த்து எழுவது: எல்லாவற்றையும் பேசவிட்டால் பொய்யும் வரலாறு என்று உலவும், கைப்பேசிக்குக் கைப்பேசி பரவும். மெய்தான். ஆனால் பொய்யை யார் அடையாளம் காட்டுவது என்பதில்தான் சிக்கல். அரியாங்குப்பத்துக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் அது இந்திய–ரோமானிய வணிகத் தலம் என்றார், ரோமானியத் தொடர்பை மையமாக வைத்து அதன் காலத்தைக் கணித்தார். பல்லாண்டு அந்தக் கருத்தே கோலோச்சியது. 1989 முதல் 1992 வரை அங்கே அகழ்ந்த விமலா பெக்லி, ரோமானியர் வருகைக்கு முன்பே அங்கே குடியிருப்பு இருந்தது, வீலர் நினைத்ததைவிட நெடுங்காலம் அது நீடித்தது என்று காட்டினார். வீலரை யாரும் நாட்டுக்கு எதிரி என்று சொல்லவில்லை, பெக்லியை யாரும் தடுக்கவில்லை. பானை ஓடுகள் பேசின, கருத்து திருந்தியது. கீழடியில் நடப்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே அகழ்ந்த அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025 மேயில் இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. அவர் தன் முடிவுகள் சான்றுகளின் அடிப்படையிலானவை என்று மறுத்தார். காலக்கணிப்பு சரியா தவறா என்பதை அறிக்கையை வெளியிட்டு, உலகெங்கும் உள்ள அறிஞர்களைக் கேள்வி கேட்கவிட்டு அறியலாம். வெளியிடும் முன்பே திருத்தக் கேட்டால், திருத்தாவிட்டாலும் திருத்தினாலும், இனி அந்தக் காலக்கணிப்பை யாரும் சந்தேகமின்றி நம்பப்போவதில்லை. தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கீழடியின் காலத்தைக் கேள்வி கேட்கும் தொல்லியலாளரைத் தமிழ்ப் பகைவர் என்று முத்திரை குத்தினால், நாமும் அதே வேலையை வேறு முனையிலிருந்து செய்கிறோம்.

சட்டம் போட்டு வரலாற்றை நிலைநாட்ட முடியுமா என்பதை, நம்மை ஆண்ட பிரான்சே அண்மையில் சோதித்துப் பார்த்தது. 2005 பிப்ரவரி 23இல் வந்த ஒரு சட்டத்தின் நான்காம் பிரிவு, கடல்கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரான்சின் இருப்பு ஆற்றிய நற்பங்கைப் பள்ளிப் பாடங்கள் ஏற்கவேண்டும் என்றது. வரலாற்றாசிரியர்கள் கொதித்தார்கள். மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர், அந்தச் சட்டத்தின் காரணமாக அன்றைய உள்துறை அமைச்சர் சர்க்கோசியைச் சந்திக்க மறுத்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இதில் கவனிக்கத்தக்கது இன்னொன்று. 2005 டிசம்பரில் பியேர் நோரா உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் வெளியிட்ட அறிக்கை, குடியேற்ற ஆட்சியைப் புகழச் சொன்ன சட்டத்தோடு நிற்கவில்லை; யூத இனப்படுகொலையை மறுப்பதைக் குற்றமாக்கிய 1990 சட்டம் உட்பட, நல்லெண்ணத்தில் இயற்றியவற்றையும் சேர்த்தே எதிர்த்தது. அந்தப் படுகொலை நடந்தது என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. உண்மையைக் காக்கும் வேலை நாடாளுமன்றத்தின் கைக்குப் போனால், அடுத்து வரும் நாடாளுமன்றம் வேறொன்றை உண்மை என்று சொல்லும் என்பதே அவர்கள் அச்சம். இந்த வாதத்தை எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பொருத்த முடியுமா என்பதில் கருத்துவேறுபாடு இருக்கலாம், அண்மைக் காலத்தில் இனப்படுகொலை கண்ட நாட்டின் தேவை வேறாக இருக்கலாம். ஆனால் புதுச்சேரி இணைப்பைப் போன்ற ஒன்றுக்கு, தன்னைக் காக்கத் தண்டனைச் சட்டம் தேவைப்படும் அளவுக்கு வலிமை குறைவில்லை.

நம் ஊர்களில் பேச்சு அடைபடுவது பெரும்பாலும் தடையாணையால் நடப்பதில்லை. ஒரு கூட்டம் திரளும், ஓர் அதிகாரி அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார், எழுதியவர் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திடுவார், ஊர் அமைதியாகிவிட்டது என்று கோப்பு மூடப்படும். எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்தது இதுதான். அவருடைய 'மாதொருபாகன்' நாவல் திருச்செங்கோட்டின் பழைய வழக்கத்தைப் புனைவாக்கியது, ஊர் தன் கடந்தகாலம் இழிவுபடுத்தப்பட்டது என்றது. 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கையெழுத்து எவரையும் கட்டுப்படுத்தாது என்றது. ஆனால் ஒவ்வோர் ஊர்ப் பேச்சுவார்த்தையும் உயர் நீதிமன்றம் வரை போவதில்லை. கிராமத்தில் ஒருவர் இந்தத் தியாகியின் கதையில் சேர்மானம் இருக்கிறது, அந்தப் பட்டியலில் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள், சேரியிலிருந்து போனவர்கள் பெயர் கல்லில் ஏறவில்லை என்று சொல்ல நினைத்தால், அவரைத் தடுக்கச் சட்டம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பார்வையே போதும். கருத்துரிமை என்பதை நீதிமன்றத்தில் வெல்லும் வழக்காக மட்டும் பார்த்தால் இந்த இடம் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். மாற்றுக் கருத்துச் சொல்லிவிட்டு மறுநாள் அதே தெருவில் நடமாட முடிவதுதான் அந்த உரிமையின் நடைமுறை அளவுகோல்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் புதுச்சேரியின் வரலாறு நமக்கு இன்னொரு சான்றும் தருகிறது. அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் சிறு யூனியன் பிரதேசங்களைப் பக்கத்து மாநிலங்களோடு இணைக்கலாம் என்றபோது, 1979 ஜனவரியில் புதுச்சேரி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இருபத்தைந்து ஆண்டுக்கு முன் இணைவோம் என்று சொன்ன மண், இப்போது இணையமாட்டோம் என்றது. இந்தியாவோடு இணைவது வேறு, தமிழ்நாட்டோடு கரைவது வேறு என்று மக்கள் பிரித்துப் பார்த்தார்கள். தமிழராகவும் புதுச்சேரிக்காரராகவும் இந்தியராகவும் ஒரே நேரத்தில் இருக்கமுடியும் என்பதும், எந்த அடையாளம் எப்போது முன்னே நிற்கவேண்டும் என்பதை அவரவரே சொல்லிக்கொள்வார்கள் என்பதும் அந்தக் கிளர்ச்சியின் பாடம். ஒரே அடையாளக் கதையைப் பிடித்துக்கொண்டிருந்த எந்தக் கோட்பாட்டாலும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. மக்கள் வேண்டாம் என்று சொன்னதால்தான் அது தெரியவந்தது.

கீழூரில் வாக்களித்தவர்களில் பெரும் பகுதியினர் கொம்யூன் நகரமன்ற உறுப்பினர்கள், அதாவது ஊர் தேர்ந்தெடுத்த ஆட்கள். ஒரு நாட்டின் தலைவிதியை முடிவுசெய்ய அவர்கள் குரல் போதும் என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. அந்தக் கொம்யூன்களின் இன்றைய நிலை என்ன? புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து, 2006இல். அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் பத்தாண்டுகளுக்கு மேலாக மண்ணாடிப்பட்டிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் கொம்யூன் பஞ்சாயத்து அதிகாரிகளின் பொறுப்பிலேயே ஓடியது. 170 பேரைப் புகழும் மேடைகள் ஆண்டுதோறும் அமைகின்றன, அந்த 170 பேரும் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்க நமக்கு நேரம் கிடைக்கவில்லை. வரலாற்றைப் பற்றிய கருத்துரிமையும் இன்றைய ஊராட்சியில் கைதூக்கும் உரிமையும் ஒரே உரிமையின் இரு பயன்பாடுகள். சாக்கடைக்கும் சாலைக்கும் எதிர்த்துக் குரல் எழுப்ப மன்றம் இல்லாத ஊரில், விடுதலை வரலாற்றைக் கேள்வி கேட்கும் துணிவை மட்டும் தனியாக வளர்க்க முடியாது. ஆகவே கீழூருக்குச் செய்யவேண்டிய மரியாதை இரண்டு. பாடநூலும் விழா மேடையும் 170ஐச் சொல்லும் அதே குரலில் எட்டையும் சொல்லவேண்டும், அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று மாணவர் விவாதிக்க இடம் தரவேண்டும். கூடவே, கொம்யூன்களுக்குத் தேர்தல் காலந்தவறாமல் நடக்கவேண்டும். அங்கே ஒரு தீர்மானத்தை எதிர்த்து எட்டுப் பேர் வாக்களித்துவிட்டு, எந்தப் பட்டமும் சுமக்காமல் வீட்டுக்குப் போக முடிந்தால், 1954இல் இங்கே நடந்தது வெறும் கொடி மாற்றம் இல்லை என்று அன்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.